மலை ஏற நேரமில்லாதவர்களுக்கு

புக்கிட் மெர்தாஜாமில் உடற்பயிற்சிக்கு இடப்பஞ்சம் இல்லை. ஊருக்குப் பெயர் தந்த மலையே 545 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் அடிவாரத்தில் செரோக் தோக்குன் வனப் பூங்கா, அதை ஒட்டினாற்போல் புனித அன்னாள் தேவாலயம். சற்றுத் தள்ளிப் போனால் மெங்குவாங் அணை, பினாங்கு மாநிலத்தின் அணைகளிலேயே பெரியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த இடங்களில் காரை நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். அவ்வளவு பேர் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், மலை ஏறுகிறார்கள்.

ஆனால் புக்கிட் மின்யாக்கிலும் பிறையிலும் பத்து காவானிலும் ஷிப்ட் வேலை செய்யும் நம் ஆட்களுக்கு அந்த ஞாயிறு காலை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வாய்க்கிறது? காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை வேலை என்றால், தொழிற்சாலைப் பேருந்துக்காக ஆறு மணிக்கே தாமான் முனையில் நிற்க வேண்டும். பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் போகிறவர்கள் அதற்கும் முன்னால் மோட்டார் சைக்கிளைக் கிளப்ப வேண்டும். திரும்பும்போது ஜூருவுக்கும் சுங்கை டுவாவுக்கும் இடையில் நெரிசல். வீடு சேர எட்டு, எட்டரை. பிறகு குளியல், சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம். பெண்களுக்கு இந்தப் பட்டியல் இன்னும் நீளும். இவர்களைப் பார்த்து, "மனம் இருந்தால் நேரம் கிடைக்கும்" என்று சொல்வதை நான் அறமாகக் கருதவில்லை. அவர்கள் "நேரமில்லை" என்று சொல்வது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டே அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்பதுதான் பயனுள்ளது.

இரண்டு தலைமுறைக்கு முன்னால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஆல்மாவும் ஜூருவும் அன்று தோட்டங்கள். இன்று அவை வீடமைப்புப் பகுதிகளாகவும் கடைவரிசைகளாகவும் மாறிவிட்டன. ஆல்மா தோட்டத் தமிழ்ப்பள்ளி, ஜூரு தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பள்ளிகளின் பெயரில் மட்டும் அந்தக் காலம் மிஞ்சியிருக்கிறது. பால்மரம் சீவிய நம் பாட்டியும் தாத்தாவும் விடியுமுன் எழுந்து, நானூறு ஐந்நூறு மரங்களுக்கு நடந்து, குனிந்து நிமிர்ந்து கோடு போட்டு, பிறகு அதே மரங்களுக்கு மறுபடி நடந்து பாலெடுத்து, வாளி சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களை உடற்பயிற்சி செய்யச் சொல்வது கேலியாக இருந்திருக்கும். கிடைத்த சோறு அந்த உழைப்புக்கே போதவில்லை. அவர்கள் பட்ட துன்பத்தை இங்கே நான் அழகாக்கிக் காட்டவில்லை. உடல் செய்த வேலை எங்கே போயிற்று என்பதை மட்டும் சொல்கிறேன். பேரப்பிள்ளை இன்று பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறான். ஆனால் கண்ணும் விரலும்தான் உழைக்கின்றன, தொடையும் முதுகும் அசையாமல் இருக்கின்றன. களைப்பு மட்டும் குறையவில்லை. களைத்துப்போகும் அளவுக்கு வேலை செய்தும் உடல் உழைத்திருக்காது என்பது நம் காலத்துக்கே உரிய நிலை.

இதன் விளைவை முதலில் அளந்து காட்டியவர்களில் ஒருவர் ஜெரமி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் படியேறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே நிறுவனம், ஒரே வகைக் குடும்பப் பின்னணி. இருந்தும் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது என்று 1953இல் அவர் வெளியிட்டார். நடத்துநர் யாரும் உடற்பயிற்சிக்கூடம் போனவர் அல்லர். வேலையே அவரைக் காத்தது.

நம் உடலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2004இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு மருத்துவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் பிரிட்டனின் ஜான் யட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. பார்த்தால் இருவரும் ஒல்லி. உடற்கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. இந்தியத் துணைக்கண்டத்து உடல்களில் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும், அதிலும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கூடுதலாகவும் சேர்கிறது என்பதை யாஜ்னிக் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். புனேயில் பிறக்கும் குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, எடை குறைந்து பிறந்த நம் குழந்தைகளிலும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை என்று அவருடைய குழு கண்டது. கதை கருவறையிலேயே தொடங்கிவிடுகிறது.

அதனால்தான் ஆசிய மக்களுக்கு பிஎம்ஐ 23 ஆனதுமே விழிப்பாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சொன்னது. மற்றவர்களுக்கு அந்த எல்லை 25. எடைக்கருவியைவிட நமக்குப் பொருத்தமானது தையற்காரரின் அளவு நாடா. தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பார்த்தால் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். "எனக்கென்ன, நான் ஒல்லிதானே" என்று இருப்பவரின் சட்டைக்குள்ளும் சிறு தொப்பை இருந்தால் அது வெறும் அழகுப் பிரச்சினை அன்று.

மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது பருமனானவர்கள். இந்தியர்களில் அது 63.9 விழுக்காடு. நீரிழிவு நாடு முழுவதும் 18.3 விழுக்காடு, இந்தியர்களில் 31.4. பெரியவர்கள் மூவர் கூடி உட்கார்ந்தால் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்கிற கணக்கு இது. 2023 ஆய்வில் எடை கூடியோர், பருமனானோர் விகிதம் நாடு முழுவதும் 54.4 விழுக்காடாக ஏறிவிட்டது. இந்த எண்களைத் தமிழ்ப் பத்திரிகைகள் முதற்பக்கத்தில் போட வேண்டும் என்பது என் கருத்து.

சரி, கொழுப்பைக் கரைப்போம். மலை ஏறலாமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏறுகிறார். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கான தூய இயற்பியல் ஆற்றல் 82 கிலோகலோரிதான். தசை, தான் எரிப்பதில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் இயக்கமாக மாற்றும், மீதி வெப்பமாகப் போகும். ஆகவே உடல் எரிப்பது 350, 400 கிலோகலோரி. (வழக்கில் இதைத்தான் கலோரி என்கிறோம், இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.) மூச்சு வாங்க உச்சிவரை ஏறி, கால் நடுங்க இறங்கி, நண்பர்களோடு மாமாக் கடையில் உட்கார்ந்து ஒரு ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, ஒரு தே தாரிக். ரொட்டி சானாய் மட்டும் ஏறத்தாழ 300 கலோரி. குழம்பையும் டின் பாலையும் சேர்த்தால் ஐந்நூறை நெருங்கும். மலையில் செலவழித்தது பசியாறி முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டது, கொஞ்சம் கூடுதலாகவே.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிப்பாக இருக்கிறது. அதை மலை ஏறி மட்டுமே கரைக்க வேண்டுமென்றால் இருபது தடவை ஏற வேண்டும், அதுவும் சாப்பாட்டில் ஒரு கவளம்கூடக் கூடாமல். கொழுப்புக் குறைப்பு பெரும்பாலும் தட்டிலும் கிளாசிலும்தான் நடக்கிறது என்று ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

கரையும் கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால் பலர் வேர்வை என்பார்கள். 2014இல் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை வேதியியல் கணக்காகப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சு வழியே வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீர். ஆக, கொழுப்பு பெரும்பாலும் நம் மூக்கு வழியாகத்தான் போகிறது. நம் ஊர் வெக்கையில் சும்மா நின்றாலே சட்டை நனையும். அதில் கொழுப்புக் கரைவதில்லை. பாசார் மாலாமில் விற்கும் வேர்வைப் பட்டையும் பிளாஸ்டிக் சட்டையும் உடலிலிருந்து தண்ணீரை மட்டுமே எடுக்கும், ஒரு பாட்டில் தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

உடற்பயிற்சியால் எடை குறைவது எதிர்பார்ப்பதைவிடக் கம்மியாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாதச் சம்பளக்காரர் வீட்டில் ஒரு செலவு கூடினால் இன்னொன்றைக் குறைப்பது போல, உடலும் ஓரளவுக்குத் தன் செலவைச் சரிக்கட்டுகிறது. தான்சானியாவின் ஹட்சா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்பவர்கள். நாள்தோறும் பல கிலோமீட்டர் நடப்பவர்கள். அவர்களின் மொத்த ஆற்றல் செலவை ஹெர்மன் பான்ட்சர் குழு அளந்து 2012இல் வெளியிட்டது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் மேலைநாட்டவரின் செலவிலிருந்து அது பெரிதாக வேறுபடவில்லை.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நடந்து என்ன பயன்?" என்று ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிடக்கூடும். அங்கேதான் சென்னை ஆய்வு வருகிறது. என் மனத்தில் நம் மக்களுக்காகச் செய்யப்பட்ட ஆய்வுகளிலேயே மிக முக்கியமானது அது.

டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. அதில் சேர்ந்தவர்கள் 531 பேர். சராசரி வயது 46ஐ ஒட்டியது. எல்லாருமே நீரிழிவின் வாசலில் நின்றவர்கள், அதாவது இரத்தச் சர்க்கரை இயல்பைத் தாண்டியும் நோயின் எல்லையைத் தொடாமலும் இருந்தவர்கள். வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தும் நடுத்தர வர்க்கத்தினர். ஒரு பிரிவினருக்கு வாழ்க்கைமுறை ஆலோசனை தரப்பட்டது. நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். சர்க்கரையையும் தீட்டிய மாவுப் பண்டங்களையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும், நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். ஏற்கெனவே சைக்கிள் மிதித்தோ நடந்தோ வேலைக்குப் போகிறவர்கள் அதைத் தொடர்ந்தால் போதும் என்றார்கள். மூன்று ஆண்டு கழிந்தது. ஆலோசனை பெறாத பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. ஆலோசனை பெற்ற பிரிவில் 39.3 விழுக்காடு. நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிலும் பலன் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

இதில் நான் அடிக்கோடிட விரும்புவது ஒன்று. நோய் தள்ளிப்போன அந்தப் பிரிவினருக்கு எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. அமெரிக்காவில் நடந்த இதே மாதிரியான ஆய்வு ஏழு விழுக்காடு எடைக் குறைப்பை இலக்காக வைத்து, நீரிழிவு வாய்ப்பை 58 விழுக்காடு குறைத்துக் காட்டியது. எடையும் குறைந்தால் பலன் கூடும், அதில் ஐயமில்லை. ஆனால் சென்னை நமக்குச் சொன்னது, எடைக்கருவியின் முள் நகராத மாதங்களிலும் உள்ளே நன்மை நடந்துகொண்டிருக்கிறது என்பது. எத்தனையோ பேர் இரண்டு மாதம் நடந்துவிட்டு, "ஒரு கிலோகூடக் குறையலையே" என்று விட்டுவிடுகிறார்கள். அவர்கள் கைவிட்டது பலன் தந்துகொண்டிருந்த ஒன்றை.

உள்ளே நடப்பது என்ன? சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வைப்பவை தசைகள். அதற்கு இன்சுலின் வந்து தசை உயிரணுவுக்குச் செய்தி சொல்ல வேண்டும். செய்தி கிடைத்ததும் குளூட்-4 என்ற புரதங்கள் உயிரணுவின் உட்பகுதியிலிருந்து மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுக்கும். வயிற்றுக்கொழுப்பும் ஈரல் கொழுப்பும் கூடக்கூட அந்தச் செய்தி மங்குகிறது. அதையே இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். தசை சுருங்கி விரியும்போது மட்டும் வேறொரு வழி திறக்கிறது. இன்சுலின் சொல்லாமலே குளூட்-4 மேலே வந்துவிடும். நடக்கும் காலுக்குச் சர்க்கரை எடுக்க இன்சுலினின் உத்தரவு வேண்டியதில்லை. அந்த நடை முடிந்த பிறகும் பல மணி நேரம் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். அதனால்தான் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுவதைவிடத் தினமும் கொஞ்சம் அசைவது நம் இரத்தத்துக்கு நல்லது.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு கொஞ்சமாக இருக்கலாம் என்பதில்தான் கடந்த சில ஆண்டுகளில் அறிவியல் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்தது. 2020 வழிகாட்டியில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் அதை எத்தனை துண்டாக வேண்டுமானாலும் நறுக்கிக்கொள்ளலாம். 2022இல் இம்மானுவேல் ஸ்டமட்டாக்கிஸ் குழு, உடற்பயிற்சியே செய்வதில்லை என்று சொன்ன 25,241 பிரிட்டிஷ் மக்கள் மணிக்கட்டில் அணிந்திருந்த கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்தது. பேருந்தைப் பிடிக்க ஓடுவது, மூச்சு வாங்கப் படியேறுவது, கனத்த பையைத் தூக்கிக்கொண்டு விரைவது போன்ற ஒன்றிரண்டு நிமிட வேகங்கள் நாளுக்கு மூன்று முறை இருந்தவர்களுக்கு, அப்படி எதுவுமே இல்லாதவர்களைவிட இதயநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாக இருந்தது. இது கவனித்துப் பார்த்த ஆய்வு. ஏற்கெனவே நலமாக இருப்பவர்தான் வேகமாகப் படியேறுகிறாரோ என்ற கேள்வி முழுதாகத் தீரவில்லை. இருந்தாலும் இதே திசையைக் காட்டும் சான்றுகள் கூடிக்கொண்டே வருகின்றன.

பத்தாயிரம் அடி என்ற புகழ்பெற்ற இலக்குக்கும் பயப்பட வேண்டாம். அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வில் பிறந்த எண் அன்று. வயதான அமெரிக்கப் பெண்கள் 16,741 பேரிடம் ஐ-மின் லீ நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களே 2,700 அடி நடந்தவர்களைவிடத் தெளிவாகக் கூடுதல் ஆயுளோடு இருந்தார்கள். 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை.

இனி இதை நம் நாளுக்குள் எங்கே வைப்பது?

எனக்கு ஒரே ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வரும் பத்து நிமிடத்தைத்தான் சொல்வேன். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் நீரிழிவுள்ள 41 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது. ஏதோ ஒரு நேரத்தில் அரை மணி நடப்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்பும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அந்தக் குறைவு 22 விழுக்காடு. ஏனென்றால் பெரும்பாலோர் மாவுச்சத்தை நிறையச் சாப்பிடுவது இரவில், சாப்பிட்டதும் உட்காருவதும் இரவில். நம் வீடுகளிலும் அதுவேதான். வேலை முடிந்து வந்து வயிறாரச் சோறு, பிறகு சோபா, பிறகு கைப்பேசி. தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தாமானுக்குள்ளேயே இரண்டு சுற்று போய் வரலாம். தனி உடுப்பு வேண்டாம், காலணி வேண்டாம், காசும் வேண்டாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே போனால், அன்று முழுவதும் பேசாமல் விட்டதையும் பேசிக்கொள்ளலாம். பெண்கள் இருட்டில் தனியே நடக்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்துக்கொள்ளுங்கள். மழை என்றால் அஞ்சடியிலோ வீட்டுக் கூடத்திலோ நடக்கலாம்.

நம் நாட்டுக் கடிகாரமும் மாலைக்குத்தான் துணை நிற்கிறது. 1982இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது முதல் சூரியன் பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல் உதித்து ஏழு மணிக்கு மேல் மறைகிறது. காலை ஆறு மணிக்கு நடக்கப் போகச் சொல்வது இங்கே இருட்டில் போகச் சொல்வதாகும். மாலை ஏழு மணிக்கோ வெளிச்சமும் இருக்கிறது, வெயிலும் தணிந்திருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் இருக்க வாய்த்தவர்கள் அதை விடாதீர்கள்.

வேலை இடத்தில் படிக்கட்டு இருந்தால் அதுவே உங்கள் மலை. லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி ஃபிளாட்டில் குடியிருப்பவர்கள், நாளுக்கு ஒருமுறையாவது மூச்சு வாங்கும் வேகத்தில் ஏறினால் ஸ்டமட்டாக்கிஸ் அளந்த அந்த ஒரு நிமிடம் கையில் வந்துவிடுகிறது. லாரி ஓட்டுநர்கள், கிராப் ஓட்டுநர்கள், கணினி முன் இருப்பவர்கள் இடையிடையே எழுந்து இரண்டு நிமிடம் நடப்பதுகூடச் சர்க்கரையைக் குறைக்கும் என்று சோதனைகள் காட்டுகின்றன. தொழிற்சாலை வரிசையில் நிற்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவருக்குக் கிடைப்பது சாப்பாட்டு இடைவேளைதான், அதில் ஐந்து நிமிடம் வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றி வரலாம்.

தசையை வளர்ப்பதையும் மறக்கக் கூடாது. நம் உடலில் தசை குறைவு என்பதால் நமக்கு அது இரட்டிப்புத் தேவை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு இரண்டு நாள் சொல்கிறது. இரும்பு தூக்கத்தான் வேண்டும் என்பதில்லை. பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணமே போதும். அதனால் மூளை வளரும் என்று பரவும் பேச்சை விடுங்கள். உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன, தோப்புக்கரணம் அவற்றைத்தான் வேலை வாங்குகிறது. தேநீர் கொதிக்கும் நேரத்தில் பத்து, பல் துலக்கியதும் பத்து. மூட்டு வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழலாம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது தோளுக்கும் மார்புக்கும் நல்லது.

இவையெல்லாம் இரத்தத்துக்கும் இதயத்துக்கும். கொழுப்பு குறைய வேண்டுமானால் கிளாசுக்குத்தான் வர வேண்டும். ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒரு தே தாரிக்கில் இரண்டு மூன்று கரண்டி போகும். ஷிப்டுக்கு முன் ஒன்று, இடைவேளையில் ஒன்று, வேலை முடிந்ததும் ஒன்று என்றால் நாளுக்கு 400 கலோரியைத் தாண்டும், அதாவது தினம் ஒரு மலையேற்றம். வயிறு நிறைந்த உணர்வை அந்தத் தேநீர் தருவதில்லை, அதனால் சாப்பாடும் குறைவதில்லை. அந்த மூன்றையும் "தே ஓ கோசோங்" என்று மாற்றினால் மாதத்தில் ஒன்றரை கிலோ குறையும் என்று தாளில் கணக்கு வரும். நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் குறையும், ஏனென்றால் உடல் செலவைச் சுருக்கிக்கொள்ளும், பசியும் எட்டிப்பார்க்கும். இருந்தாலும் ஒரு நிமிடம்கூடச் செலவழிக்காமல் செய்யக்கூடிய மாற்றம் இதைவிட வேறில்லை. ஒரேயடியாக முடியாதவர்கள் "குராங் மானிஸ்" என்று தொடங்கலாம், நாக்கு சில வாரத்தில் பழகிவிடும். அரசாங்கம் 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது, பின்னர் அதை உயர்த்தியும் விட்டது. கடையில் கலக்கித் தரும் தேநீருக்கு அந்த வரி கிடையாது. அதை நாம்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

சோற்றைக் குறையுங்கள் என்று சொன்னால் பலருக்குக் கோபம் வரும். நான் சொல்வது தட்டின் வரிசையை மாற்றச் சொல்வதுதான். கீரையும் காயும் பாதித் தட்டு, மீனோ கோழியோ பருப்போ கால் தட்டு, சோறு கால் தட்டு. மலேசியச் சுகாதார அமைச்சு பரப்பிவரும் அளவும் இதுவே. புரதம் கூடினால் பசி தாங்கும், எடை குறையும்போது தசை கரையாமலும் இருக்கும்.

இரவு ஷிப்டுக்காரர்களுக்கு ஒரு சொல். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2010இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், ஒரே அளவு உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த பத்துப் பேரை இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். இரண்டு முறையும் எடை ஒரே அளவுதான் குறைந்தது. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான், மீதியில் பெரும்பங்கு தசை போன்ற கொழுப்பற்ற பகுதி. ஆகவே இரவு வேலை முடித்து வந்தவர் தூக்கத்தை வெட்டிவிட்டு வெயிலில் ஓட வேண்டாம். அவருக்குத் தூக்கமே முதல் மருந்து. வீட்டில் இருப்பவர்கள் பகலில் திரையைப் போட்டு, தொலைக்காட்சி ஒலியைக் குறைத்து உதவுவது அவருடைய வயிற்றுக்கொழுப்புக்கு எதிராகச் செய்யும் உதவி.

ஏற்கெனவே நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சு அழுத்தமோ இடக்கையில் வலியோ வந்தால் நின்றுவிடுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதையெல்லாம் தனிமனிதர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. ராமச்சந்திரன் குழு 2013இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. தென்னிந்தியாவில் வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர். ஒரு பிரிவினருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக நினைவூட்டல்கள் மட்டும் தொடர்ந்து போயின. இரண்டு ஆண்டில் நீரிழிவு வந்தவர்கள் அந்தப் பிரிவில் 18 விழுக்காடு, செய்தி கிடைக்காத பிரிவில் 27. ஒரு நினைவூட்டலுக்கே அவ்வளவு பலன் என்றால், ஒரு தொழிற்சாலை உணவகம் இனிப்பில்லாத தேநீரை முதலில் வைத்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் சம்பளத்தோடு இதையும் கேட்க வேண்டும். கோயில் நிர்வாகங்கள் அன்னதானத்தோடு ஒரு பானை மோரும் கொஞ்சம் கூடுதல் காயும் வைக்கலாம்.

நாற்பது வயதைத் தொட்டு, அரசின் ரஹ்மா உதவித்தொகை பெறும் குடும்பத்தில் இருக்கிறீர்களா? பெக்கா பி40 திட்டத்தில் உங்களுக்கும் நாற்பதைத் தொட்ட உங்கள் துணைவருக்கும் இலவச உடல் பரிசோதனை உண்டு. மற்றக் குடிமக்களும் அரசு சுகாதார கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். இந்த வாரம் வரும் ஓய்வு நாளில் இடுப்பை அளந்து பாருங்கள், சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். இன்று இரவு சாப்பிட்டதும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள்.